மகனின் உயரமும் குரோத் சார்ட்டின் நடுக்கோடும்

என் மகனுக்கு 14 வயது முடிந்தபோது உயரம் 141 சென்டிமீட்டர். கூடப் படிக்கிற பையன்களில் பாதிப் பேருக்குக் குரல் உடைந்து, மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. இவன் மட்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தான். குழந்தை மருத்துவரில் தொடங்கி ஹார்மோன் மருத்துவர் வரை போய், எலும்பு வயது (எலும்பு எந்த வயதுக்கு ஏற்ப முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு) பார்த்து, ஊசி வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து, இப்போது ஒரு தெளிவுக்கு வந்திருக்கிறோம். இதே கவலையோடு இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால், அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

குழந்தை மருத்துவர் முதலில் எடுத்துப் போட்டது குரோத் சார்ட், அதாவது எந்த வயதில் எவ்வளவு உயரம் என்று கோடுகளால் காட்டும் வரைபடம். 5 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் சார்ட். அதற்கு மேல் 18 வயது வரை ஐ.ஏ.பி., அதாவது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், 2015-இல் வெளியிட்ட சார்ட். அதில் 3, 10, 25, 50, 75, 90, 97 என்று ஏழு பெர்சன்டைல் கோடுகள் இருக்கின்றன. என் மகனுக்கு வைத்த புள்ளி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த 3-க்கும் கீழே விழுந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று நிதானமாகப் பார்த்தால், நோய் இல்லாத 100 பிள்ளைகளை நிறுத்தினால் 3 பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். 1000 பையன்கள் படிக்கும் பள்ளியில் 30 பேர். அவர்களில் யாருக்கு உண்மையிலேயே கோளாறு, யார் சும்மா தாமதமாக வளர்கிறவர் என்று அந்த ஒற்றைப் புள்ளி சொல்லாது. இதை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை என்பதுதான் என் ஆதங்கம். நகரத்தில் ஓர் இடத்தில் சார்ட்டைப் பார்த்த கையோடு வளர்ச்சி ஹார்மோன் ஊசியின் செலவுக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் பக்கம் வேறு மருந்துகள்: சத்துமாவு, கம்பியில் தொங்குதல், கயிறு தாண்டுதல். எதுவும் தப்பில்லை, எதுவும் எலும்பின் நேரத்தை மாற்றாது.

உண்மையான துப்பு கிடைத்தது வீட்டுக்குள்தான். என் மாமியார் ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னார்: "அம்மிணி, இவங்கப்பனும் பத்தாவது முடிக்கிற வரைக்கும் இப்படித்தான் இருந்தான். காலேஜுக்குப் போன வருசம் தெச்ச பேண்ட்டு எல்லாம் ஆறே மாசத்துல கணுக்காலுக்கு மேல ஏறிப் போச்சு. உனக்கு யாரு சொல்லுவா!" என் கணவர் இப்போது 171 சென்டிமீட்டர். நாங்கள் பிறகு பார்த்த ஹார்மோன் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "அப்பா எப்ப வளர்ந்தார்? அம்மா எப்ப வயசுக்கு வந்தாங்க?" தாமதமான வளர்ச்சி குடும்பத்தில் ஓடும். அதனால் போவதற்கு முன்பு வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள்.

அந்த மருத்துவர் பையனின் எதிர்கால உயரத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். அப்பா 171, அம்மா 156, பையன் என்பதால் கூடுதலாக 13. மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 170. பெண் பிள்ளையானால் 13-ஐக் கழிக்க வேண்டும். மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம் என்றார். ஆக, எங்கள் வீட்டுப் பையன் எங்கே போய்ச் சேருவான் என்பதற்கு ஊர்ச் சராசரியை விட எங்கள் இருவர் உயரம்தான் நெருங்கிய குறிப்பு.

உயரம் அளப்பதே ஒரு கலை என்று அங்கேதான் பார்த்தேன். செருப்பைக் கழற்றி, குதிகால், புட்டம், தோள் சுவரோடு ஒட்டி நிற்க, பார்வை நேராக இருக்க, மேலே உள்ள பலகையை இறக்கித் தலைமேல் வைத்து மில்லிமீட்டர் வரை படித்தார்கள். காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் வருவது. ஆறு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தானா என்று பார்க்கிற இடத்தில் ஒரு சென்டிமீட்டர் பிழை கணக்கையே கவிழ்த்துவிடும். ஒரே இடத்தில், ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், சிறுநீரகம், தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான சோதனை, வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்வதைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1. ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் வரிக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று இருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. மருத்துவர் சாதாரணமாகச் சொன்னார்: அது லிவரிலிருந்து மட்டுமல்ல, வளரும் எலும்பிலிருந்தும் வருகிறது, அந்த லேப் பக்கத்தில் அச்சடித்திருந்த அளவு பெரியவர்களுக்கானது. ஐ.ஜி.எஃப்-1 அதற்கு நேர்மாறு. 14 வயதுக்கான அளவோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரிந்தது. அவன் எலும்பின் வயதுக்கு ஒப்பிட்டால் சரியாக இருந்தது. இன்னொன்றும் சொன்னார். பெரும்பாலான சோதனைகளின் 'நார்மல்' எல்லை, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லைக்கு வெளியே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. நான் வீட்டுக்கு வந்து கால்குலேட்டரில் 0.95-ஐ இருபது முறை பெருக்கிப் பார்த்தேன். சரிதான்.

பிறகு இடது கை மணிக்கட்டோடு சேர்த்து ஓர் எக்ஸ்ரே. விரல் எலும்புகளின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தகடுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன, மணிக்கட்டின் சிறு எலும்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஓர் அட்லஸோடு, அதாவது வயதுவாரியான எக்ஸ்ரே படங்களின் தொகுப்போடு, ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். க்ரூலிக், பைல் என்ற இருவர் தொகுத்தது அது. அதில் உள்ள படங்கள் 1931 முதல் 1942 வரை அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எடுத்தவை. அதுவும் ஒரு சராசரிதான், ஒரு வருடம் முன்னே பின்னே சகஜம் என்று மருத்துவரே சொல்லிவிட்டுத்தான் முடிவைச் சொன்னார்: எலும்பு வயது 12. சார்ட்டில் அதே 141-ஐ 12 வயதுக்கு நேராக வைத்துக் காட்டினார். புள்ளி கோடுகளுக்குள்ளே வந்து உட்கார்ந்தது.

என் மனதை உண்மையில் ஆற்றியது அடுத்து அவர் வரைந்து காட்டிய கணக்கு. மூன்று பையன்கள். சாதாரண வருடத்தில் ஆளுக்கு 5 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஒரே ஒரு வருடம் மட்டும் 10 சென்டிமீட்டர் பாய்கிறார்கள். ஒருவன் 12-இல், ஒருவன் 14-இல், ஒருவன் 16-இல். இந்த மூன்று வயதில் எதை எடுத்தாலும் சராசரி வளர்ச்சி 6.7. ஆனால் எந்த வயதிலும் எந்தப் பையனும் 6.7 வளரவில்லை. ஒன்று 5, இல்லையென்றால் 10. மூவரின் பாய்ச்சலையும் ஒன்றாகக் கலந்ததால் மலை கரைந்து மேடாகிவிட்டது. பல பிள்ளைகளை ஆளுக்கொரு முறை அளந்து வரைந்த சார்ட்டின் வழவழப்பான கோடு இப்படி உருவானது. அந்த நடுக்கோட்டின் மேலேயே நடந்து வளர்ந்த பிள்ளை அநேகமாக இருக்க முடியாது. சீக்கிரம் வளர்கிறவன் கொஞ்ச காலம் கோடுகளைத் தாண்டி மேலே ஏறுவான். தாமதமாக வளர்கிறவன் கீழே சரிந்துவிட்டு, மற்றவர்கள் நின்ற பிறகு ஏறிவருவான். இருவரும் சரியாகத்தான் வளர்கிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிரான்சில் மோன்பெய்யார் என்ற பிரபு, 1759-இல் பிறந்த தன் மகனை 1777 வரை விடாமல் அளந்து குறித்து வைத்திருக்கிறார். ஒரே பிள்ளையைப் பிறப்பிலிருந்து 18 வயது வரை பின்தொடர்ந்த முதல் பதிவு அது. அதில் விடலைப் பருவப் பாய்ச்சல் கூர்மையாகத் தெரிகிறது. 1892-லேயே ஃப்ரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் ஆளுக்கு ஆள் வேறு என்று சுட்டிக்காட்டினார். 1966-இல் பிரிட்டனில் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த டானரும் அவர் சகாக்களும் சீக்கிரம் வளர்கிறவர், தாமதமாக வளர்கிறவர் இருவரையும் கணக்கில் எடுத்து சார்ட் போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு புள்ளியை வைத்துத் தாய்மாரைப் பயமுறுத்துவது நியாயமே இல்லை.

மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். சில மாதங்கள் குறைந்த அளவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கொடுத்துப் பருவத்தைத் தட்டி எழுப்பலாம். அல்லது அளந்துகொண்டே காத்திருக்கலாம். உடல் பரிசோதனையில் பருவம் தொடங்கிவிட்டதற்கான முதல் அடையாளம் இருந்தது. பையன்களுக்கு அது 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வந்தாலும் இயல்பு என்றார். இவன் எல்லையின் விளிம்பில் இருந்தான். என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்டார். "வளருவேன்னா சரி சார், நான் வெயிட் பண்றேன்" என்றான். அவனைக் கேட்டதற்காகவே அந்த மருத்துவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதுவரை எல்லோரும் அவன் தலைக்கு மேலேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் ஆறு மாதம் 2.3 சென்டிமீட்டர்தான். பாய்ச்சலுக்குச் சற்று முன்பு வேகம் குறைவது வழக்கம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டோம். அடுத்த ஆறு மாதம் 3.8. அதற்கடுத்து 4.9. இப்போது 152, குரலும் உடைந்திருக்கிறது.

காத்திருந்தது எங்களுக்குச் சரியாக வந்தது, அதுவும் எலும்பு வயதும் ரத்தச் சோதனைகளும் பார்த்த பிறகு. எல்லோருக்கும் அது பொருந்தாது. பருவத்துக்கு முன் வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே வளரும் பிள்ளை, தலைவலியோ பார்வைக் குறைவோ உள்ள பிள்ளை, எடையும் சேர்ந்து இறங்கும் பிள்ளை, இவர்களை உடனே காட்டுங்கள். பெண் பிள்ளை காரணமில்லாமல் குள்ளமாக இருந்தால் டர்னர் சிண்ட்ரோம் (பெண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறையுடனோ இருப்பது) இருக்கிறதா என்று குரோமோசோம் சோதனை கேட்டு வாங்குங்கள். அங்கே தாமதமாகும் ஒவ்வொரு வருடமும் சிகிச்சையின் பலனைக் குறைக்கும்.