ஒரு மணி பதினாறு நிமிடத்துக்காக ஓர் அறிவியல் வாரம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். அறிவியல் பணித்தியத்தின் (பாட ஆசிரியர் குழுவின்) பொறுப்பும் என்னிடம் இருப்பதால், ஆண்டுதோறும் அறிவியல் வாரத்தைத் திட்டமிட்டு நடத்துவது என் கடமைகளுள் ஒன்று. இந்த ஆண்டு அதை நடத்தி முடித்த விதம், இதே பொறுப்பைச் சுமக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முந்தைய ஆண்டு எங்கள் கருப்பொருள் 'நமது பூமி'. மண்டபத்தை வண்ணத்தாளால் அலங்கரித்தோம். பெற்றோர் இரவெல்லாம் விழித்து அட்டையில் மலைகள் செய்து கொடுத்தனுப்பினார்கள். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலையைப் பொங்க வைத்தோம். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள், படங்கள் எடுத்தோம், அறிக்கையும் எழுதி முடித்தோம். அடுத்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் மேசைக்கு வந்து, "உண்மையான எரிமலைக்குள்ள வினிகர் எப்படி டீச்சர் போவுது?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன என்பதையும், குழம்பு மேலேறி அழுத்தம் குறையும்போது அவை விரிந்து அதை வெளியே தள்ளுகின்றன என்பதையும் அந்த ஐந்து நாளில் நாங்கள் எங்குமே சொல்லியிருக்கவில்லை. நாங்கள் காட்டியதை அவன் சரியாகவே உற்றறிந்திருந்தான். தவறானதைக் காட்டியவர்கள் நாங்கள்.

அதனால் இம்முறை பணித்தியக் கூட்டத்தில் ஒரு கோரிக்கையை வைத்தேன். அலங்காரத்திலிருந்து தொடங்காமல், எங்கள் பள்ளித் திடலிலேயே பிள்ளைகள் அளந்து விடை காணக்கூடிய ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம், மற்ற நடவடிக்கைகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமையட்டும் என்றேன். சக ஆசிரியர்கள் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். நான் தேர்ந்தெடுத்த கேள்வி இதுதான்: நம் நிழல் எப்போது காணாமல் போகும்?

பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5.4 பாகையில் இருக்கிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட எல்லா ஊர்களுக்கும் ஆண்டில் இரு நாள்கள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். எங்களுக்கு அது ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும் நிகழ்கிறது. கோலாலம்பூருக்கு மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் நிகழ்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும்கூட இந்த நாள்கள் உண்டு. ஆனால் டில்லிக்குக் கிடையாது, லண்டனுக்கும் கிடையாது. வெப்ப மண்டலத்தில் வாழ்வதால் மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இந்தக் காட்சியை, இத்தனை ஆண்டுகளாகப் பள்ளியில் ஒருமுறைகூட நாங்கள் காட்டியதில்லை என்பது எனக்கே வருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 8, 9 ஆகிய இரு நாள்களை மையமாக வைத்துச் செயற்குறிப்பு எழுதத் தொடங்கியபோதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. அந்த நாள்களில் எங்கள் ஊரில் சூரியன் உச்சியைத் தொடும் நேரம் பன்னிரண்டு மணி அன்று. ஒரு மணி பதினாறு நிமிடம். எங்கள் பள்ளி மணியோ ஒரு மணி பத்து நிமிடத்துக்கு அடித்துவிடும். வாரத்தின் உச்சக்கட்டமே ஆறு நிமிடத்தில் கைநழுவிப் போகக்கூடிய நிலை. தலைமையாசிரியரிடம் நிலைமையை விளக்கி, அவ்விரு நாள்களும் நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களை ஒன்றரை மணி வரை பள்ளியில் வைத்திருக்க அனுமதி பெற்றேன். அனுமதி பெறுவதைவிடப் பள்ளி வேன் ஓட்டுநர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. அவர்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று பள்ளிகள். ஓரிடத்தில் இருபது நிமிடம் தாமதமானால் மற்ற இரண்டும் குலைந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசி, முதலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டு எங்களிடம் கடைசியாக வருமாறு மாற்றி அமைத்துக் கொடுத்தார். அவர் உதவியில்லாமல் இது நடந்திருக்காது. இதைப் போன்ற நிகழ்ச்சியைத் திட்டமிடும் ஆசிரியர்கள் வேன்காரர்களிடம் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

இரண்டு நாள்களைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் வானிலை. செப்டம்பரில் பினாங்கு வானத்தை நம்ப முடியாது; மழை வரும், சில ஆண்டுகளில் புகைமூட்டமும் வரும். அந்தக் காலத்தில் சூரியனின் இடம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 பாகையே தெற்கு நோக்கி நகர்வதால், 50 சென்டிமீட்டர் கம்பத்தின் உச்சி நிழலில் ஒரு நாளுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் வேறுபாடு இருக்கும். பிள்ளைகளின் கண்ணுக்கு இரண்டு நாளும் ஒன்றே.

கருவிகளுக்கு அதிகச் செலவில்லை. இரும்புக் கடையில் பிவிசி குழாய் வாங்கி, 50 சென்டிமீட்டர் அளவில் எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மரப்பலகையில் நிறுத்தினோம். குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். கூடவே, அடியும் மூடியும் வெட்டி எடுக்கப்பட்ட மைலோ டின்கள் ஆறு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு நாளும் காலைச் சபைகூடலில் சொன்னேன். தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் இல்லாத பிள்ளையைத் திடலில் இறக்கவில்லை.

முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அளவெடுக்கும் வேலை இல்லை. ஒரே இடத்தில் நின்று, மணிக்கு ஒருமுறை தம் நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் நண்பரை வரையச் சொன்னால் போதும் என்று விட்டோம். மூன்றாம் ஆண்டினர் ஒளி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள் என்று வகைப்படுத்தினார்கள். நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ளோர் குழுவாக நிழலை அளந்து அட்டவணையில் பதிந்தார்கள். நேரம் தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), நிழலின் நீளம் சார்பு மாறி (அதனால் மாறுவது), குழாயின் உயரம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாறாமல் வைத்திருப்பது). வகுப்பில் மனனம் செய்து ஒப்பிக்கும் இந்த மூன்று சொற்களும் கையில் குழாயைப் பிடித்தபோதுதான் அவர்களுக்குப் பிடிபட்டன.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிழல் 57 சென்டிமீட்டர். பதினொரு மணிக்கு 34. பன்னிரண்டுக்கு 17. பன்னிரண்டரைக்கு 10. குழுக்களுக்கிடையே நிழலின் நுனி எங்கே முடிகிறது என்பதில் ஒரே வாதம். சூரியன் ஒரு புள்ளி அன்று, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இராமல் மங்கலாகக் கரையும். மூன்று பேர் தனித்தனியாக அளந்து சராசரி எடுக்குமாறு சொன்னேன். சராசரி எதற்கு என்று நான் அதுவரை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்று விளக்கத் தேவையே எழவில்லை.

அப்போது நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அட்டவணையில் எதையோ அழிப்பதைக் கண்டேன். பன்னிரண்டு மணிக்கு நேரே இருந்த 17-ஐ அழித்து 7 என்று எழுதியிருந்தாள். அருகில் அமர்ந்து காரணம் கேட்டேன். "பன்னிரண்டு மணிக்குத்தானே டீச்சர் நிழல் ரொம்பக் குட்டையா இருக்கணும்? பன்னிரண்டரைக்கு அதைவிடக் குறைஞ்சிருச்சு. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அளந்ததில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிழையில்லை. நண்பகல் என்றால் பன்னிரண்டு மணி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்த நாங்கள்தான், கடிகாரமும் சூரியனும் வெவ்வேறு என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தோம். கண்ணால் கண்ட எண்ணை விட்டுவிட்டு, காதால் கேட்ட எண்ணை எழுத அவளைத் தூண்டியது எங்கள் பாடம்தான் என்பது என்னை மிகவும் உறுத்தியது. அழித்த இடத்தில் 17-ஐ மீண்டும் எழுத வைத்து, எல்லாக் குழுக்களையும் அழைத்து, அளந்த எண்ணை எவரும் எக்காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது, ஐயம் வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள் என்றேன்.

அன்று ஒரு மணியை நெருங்கும்போது மேகம் மூடிவிட்டது. பிள்ளைகள் வாடிய முகத்துடன் வேனில் ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில், திட்டத்தில் இல்லாத ஒரு பாடம் நடத்தினேன். நம் நாட்டுக் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. அந்தக் கோடு சுலாவேசித் தீவின் மேலாகச் செல்கிறது. நாமோ 100 பாகைக்குச் சற்று அப்பால் இருக்கிறோம். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். இருபது பாகைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டதும் வகுப்பே எண்பது என்று கத்தியது. எங்கள் ஊர் சரியாக இருபது பாகை தள்ளி இல்லை என்பதாலும், செப்டம்பர் தொடக்கத்தில் சூரியன் இரண்டு நிமிடம் முந்திக்கொள்வதாலும், அது எழுபத்தாறு ஆகிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டு, போர்னியோத் தீவிலுள்ள நம் மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டதையும் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவன், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தன் பாட்டி அந்த மாற்றத்தை நன்றாக நினைவு வைத்திருப்பதாகச் சொன்னான்: அதன் பிறகு காலைப் பெரட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு) போகும்போது இன்னும் இருட்டாக இருந்ததாம். எந்தப் பயிற்றியிலும் கிடைக்காத சான்று அது.

செவ்வாய் நண்பகலில் வானம் தெளிந்தே இருந்தது. ஒரு மணிக்கு நிழல் மூன்றரை சென்டிமீட்டர். ஒன்று பத்துக்கு மணி அடித்தபோது ஒருவரும் புத்தகப்பையைத் தொடவில்லை. குழாயின் அடியில் ஒட்டியிருந்த கறுப்புக் கோடு மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்து, பலகையில் குழாயைச் சுற்றி ஒன்றுமே இல்லாமல் போயிற்று. மைலோ டின்னின் நிழல் தரையில் மெல்லிய வளையமாக மட்டும் தெரிய, உள்ளே முழுவட்டமாக வெயில் நிறைந்திருந்தது. அக்காளுக்காகக் காத்திருந்த இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "என் நிழல் எனக்குக் கீழ ஒளிஞ்சிக்கிச்சு டீச்சர்" என்றாள். முந்தைய நாள் எண்ணை அழித்த மாணவி தன் அட்டவணையில் 1:16 என்று எழுதி, அதன் நேரே சுழியத்தை மிகப் பெரிதாகப் போட்டாள்.

அதே நாளில், தீபகற்பத்தின் தென்கோடியிலுள்ள ஜொகூர் பாருவில் ஆசிரியராக இருக்கும் என் தோழி, அங்கும் 50 சென்டிமீட்டர் குழாயை நிறுத்திப் படம் அனுப்பியிருந்தார். எங்களுக்கு முன்பே, ஒரு மணி கடந்த சில நிமிடத்தில் அங்கே நிழல் மிகக் குறுகியது. ஆனாலும் மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் தெற்கு நோக்கி எஞ்சியிருந்தது. ஒரே நாட்டில், ஒரே நாளில் ஏன் இந்த வேறுபாடு என்று ஆறாம் ஆண்டினர் பந்தின் மேல் குச்சிகளைக் குத்தி ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். இந்தப் பகுதிக்கு நான் ஒதுக்கியிருந்த நேரம் போதவில்லை. அடுத்த முறை இதற்கே ஒரு முழு நாள் வேண்டும்.

வாரத்தின் மற்ற நாள்களில் புதிர்ப்போட்டியும் வரைபடக் காட்சியும் நடந்தன. அவை வழக்கம்போல் நன்றாகவே அமைந்தன. பரிசளிப்பு விழாவை மட்டும் சுருக்கிவிட்டேன்.

ஏப்ரல் 3-ஆம் நாளுக்கான அனுமதிக் கடிதத்தை இப்போதே தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அன்று நிழல் எத்தனை மணிக்கு மறையும் என்ற முன் அனுமானத்தை ஒவ்வொரு பிள்ளையும் தாளில் எழுதி மடித்து, மிச்சமிருந்த மூடியுள்ள மைலோ டின்னில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் 1:16 என்றே எழுதியிருப்பார்கள். ஏப்ரலில் சூரியன் முந்தி வராமல் மூன்று நிமிடம் பிந்தி வருவதால் அது 1:22 ஆக இருக்கும். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. டின் ஆசிரியர் அறையில் என் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.