கணையமும் கரன்ட்டும்: சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு

2023 ஜூன் 7, புதன்

கணைய வலியை அடக்க, தண்டுவடத்துக்கு மெல்லிய கரன்ட் கொடுக்கும் கருவி. அது எனக்குப் பலிக்குமா என்று பார்க்க இன்று முதுகில் சோதனைக் கம்பி போட்டாயிற்று. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இப்போதைக்கு இதற்கு மட்டும்தான் அனுமதி தந்திருக்கிறது.

நாள்பட்ட கணைய அழற்சி. நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் கணையம் என்றதுமே குடிதான் காரணம் என்று இங்கே டர்பனில் பலருக்குப் பார்வை மாறிவிடும். போகட்டும். வலி மாத்திரை மலச்சிக்கலைத்தான் கொடுத்தது. வயிற்றுக்குப் பின்னாலுள்ள நரம்புப் பின்னலில் போட்ட ஊசி சில மாதம் தாங்கியது.

வலி வயிற்றில், கம்பி ஏன் முதுகில்? கணையத்தின் வலிச்செய்தி நெஞ்சு மட்டத்தில்தான் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அங்கே, தண்டுவட உறைக்கு வெளியே கம்பி இருக்கும். 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்ன 'வாசல்' கோட்பாடுதான் அடிப்படை: வேறு உணர்ச்சி உள்ளே புகுந்தால் வலிக்கான வாசல் ஒடுங்கும். 1967-லேயே ஒரு நோயாளிக்குப் பொருத்திப் பார்த்துவிட்டார்கள்.

குப்புறப் படுக்கவைத்து, அரைமயக்கத்தில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஏற்றினார்கள். "எங்கே குறுகுறுக்குது?" விலாவில் என்றேன். கொஞ்சம் நகர்த்தினார்கள். அப்புறம் மேல்வயிறு.

ஜூன் 9

பேட்டரி வெளியே, இடுப்பில். குளிக்கக் கூடாது, துடைத்துக்கொள்ளலாம். "ஷாக் அடிக்காதாம்மா?" என்று அத்தை தொடவே பயப்படுகிறார்.

ஜூன் 13

வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்களாம். பத்துக்கு எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. புது வைத்தியம் என்ற மயக்கமோ என்று சந்தேகம். டாக்டரிடம் கேட்டுவிட்டு நேற்றிரவு கரன்ட்டை அணைத்துப் பார்த்தேன். விடிவதற்குள் பழைய வலி வந்துவிட்டது. சரி, மயக்கம் மட்டும் இல்லை.

ஜூலை 12

பொருத்திவிட்டார்கள். பேட்டரி பிட்டத்துக்கு மேலே தோலுக்கடியில். கம்பி நகர்ந்தால் எல்லாம் வீண் என்பதால் ஆறு வாரம் குனியக் கூடாது, திரும்பக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது.

ஜூலை 23, ஞாயிறு

கோயிலில் ஆடிக் கூழ். பானையைத் தொட விடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு கிண்ணம் குடித்தேன். கணையம் ஆறிவிடவில்லை, செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை தொடர்கிறது. வலி மட்டும் அடங்கியிருக்கிறது.

பேட்டரிக்குத் தோல்வழியாகவே சார்ஜ் ஏற்ற வேண்டும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா? எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் என்ன செய்வது?