கோவையிலிருந்து கெம்னிட்ஸ்: பேப்பர்கள் போன வழி

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. அப்பாவின் லேத் பட்டறையில் விடிகாலையிலேயே மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கொடுத்து முடித்துவிட்டு, காரில் சென்னைக்குக் கிளம்பினோம். அன்று நள்ளிரவு தாண்டி எனக்கு ஃபிராங்க்ஃபர்ட் விமானம். மெஷின்களுக்கு மாலை போட்ட கையோடு அப்பா கேட்டது ஒன்றுதான்: "பேப்பரெல்லாம் எடுத்துட்டியா கண்ணு?"

கெம்னிட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தப் பட்டறைதான் காரணம். கிழக்கு ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தில் இருக்கும் ஊர். நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வதுபோல இதைச் சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்கள். இங்கேயும் நூற்பாலையும் மெஷின் தொழிலும் சேர்ந்துதான் ஊரை வளர்த்தன. கடைசல் மெஷின், உலோகத்தை வடிவமைப்பது போன்ற வேலைகளுக்கென்றே ஃபிரவுன்ஹோஃபர் என்ற ஆய்வு அமைப்பின் நிலையம் ஒன்று இங்கே இருக்கிறது. மெக்கானிக்கல் முடித்த எனக்கு உற்பத்திப் பொறியியலில் ஆங்கில வழி முதுநிலை கிடைத்தது. சரி, இனி பேப்பர் கதைக்கு வருகிறேன். இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

முதலில் ஏபிஎஸ். இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனி மாணவர் விசாவுக்குப் போனால், 2022 நவம்பரிலிருந்து இந்தச் சான்றிதழ் கட்டாயம். நம் மார்க் ஷீட்டும் டிகிரியும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவார்கள். நான் கட்டியது 18,000 ரூபாய். நவம்பரில் விண்ணப்பித்தேன், ஜனவரி கடைசியில் வந்தது. இதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பின்னால் வரும் எல்லாம் இதைக் கேட்கும். பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பிக்க முதல் இடத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆறு பல்கலைக்கழகம் போட்டேன். இப்போது யோசித்தால் நாலு போதும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் இலவசமாக வழிகாட்டுகிறோம் என்று சொன்ன ஓர் ஏஜென்ட், கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பட்டியலை மட்டும்தான் நீட்டினார். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். இது எதையும் அவர் சொல்லவே இல்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும் குடும்பத்திடம் இதை மறைப்பது பெரிய தவறு.

அப்புறம் பிளாக்டு அக்கவுன்ட். ஓராண்டுச் செலவுக்கான பணம், 11,904 யூரோ, முன்கூட்டியே முடக்கி வைக்க வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்ப வரும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பேங்கே பிடித்துக்கொள்ளும் டிசிஎஸ் வரியை, கல்விக் கடனிலிருந்து அனுப்பியதால் பிடிக்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்த அந்த மாற்றம் எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பணம் போய்ச் சேரவில்லை.

காரணம் என் இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பேங்க் பாஸ்புக் வரை என் பெயரோடு ஒரே ஒரு எழுத்துதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் மட்டும் அந்த எழுத்தை விரித்து, அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டிருந்தோம். நம் ஊரில் யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. அங்கே, கணக்கு ஒருவர் பெயரில் இருக்கிறது, பணம் வேறொருவரிடமிருந்து வந்திருக்கிறது என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு நெருக்கமான பணம் ஒன்பது நாள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தோம். அந்த நாட்களில் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் இரவில் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கடைசியில் நோட்டரியிடம் இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, பேங்க் கிளையிலிருந்தும் ஒரு கடிதம் வாங்கி அனுப்பிய பிறகுதான் பணம் ஏறியது. இந்தப் பத்திரத்தை விண்ணப்பிக்க ஆரம்பிக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்கும் அதன் நகலைச் சேர்த்தே கொடுத்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை.

விசாவுக்கு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், விசா விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தில் கைரேகை வைத்துவிட்டு அன்று இரவே திரும்பினேன். ஜூலை கடைசியில் கொடுத்தது, செப்டம்பரில் வந்தது. இடைப்பட்ட நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, காத்திருந்தோம்.

பெட்டி கட்டும்போது அம்மாவோடு ஒரே வாக்குவாதம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வெளியே போயின. பருப்புப் பொடி, புளி, குட்டிக் குக்கர் உள்ளே வந்தன.

நான் செய்த பெரிய தவறு, போய்ச் சேர்ந்த நாள். அக்டோபர் 2, வியாழக்கிழமை. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லைப்சிக் போய், அங்கே ரயில் மாறி கெம்னிட்ஸ் போக வேண்டும். முதல் ரயில் தாமதம், அடுத்தது போய்விட்டது. ஊர் வந்தபோது இருட்டிவிட்டது, ஹாஸ்டல் அலுவலகம் மூடியிருந்தது. மறுநாள் அக்டோபர் 3, கிழக்கும் மேற்கும் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை. அடுத்தது சனி, ஞாயிறு. வாடகை கட்டிய அறையின் சாவி திங்கட்கிழமைதான் கிடைக்கும். ஈரோட்டு அக்கா ஒருவர் தன் அறையில் நாலு இரவு இடம் கொடுத்தார். கடைகளும் வெள்ளி, ஞாயிறு இரண்டு நாளும் அடைப்பு. அவர் வைத்த ரசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. உங்களால் முடிந்தால் திங்கள், செவ்வாயில் வந்து இறங்குங்கள். இல்லையென்றால் உங்கள் சார்பில் சாவி வாங்க இங்கே இருக்கும் ஒருவருக்குக் கையெழுத்திட்ட கடிதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

ரைஷன்ஹைனர் தெருவில் அறைக்குள் நுழைந்த பிறகு இன்னொரு சங்கிலி ஆரம்பித்தது. மாதாந்திர 992 யூரோ வர இங்கே பேங்க் கணக்கு வேண்டும். நான் போன பேங்கில் கணக்குக்கு முகவரிப் பதிவு கேட்டார்கள். ஆன்மெல்டுங் என்று சொல்லும் அந்தப் பதிவைக் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, இவர் என் இடத்தில்தான் குடியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் தனிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இவ்வளவும் நடக்கும்வரை கையில் கொண்டுவந்த 900 யூரோவில்தான் வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம். அதனால் சொல்கிறேன், முதல் மாதச் செலவைப் பிளாக்டு அக்கவுன்ட்டை நம்பி விடாதீர்கள்.

பதிவு முடிந்தது, கணக்கும் திறந்தாயிற்று. கார்டு மட்டும் வரவில்லை. பத்து நாள் கழித்து பேங்கில் போய்க் கேட்டால், அனுப்பிய தபால் அவர்களுக்கே திரும்பி வந்துவிட்டதாம். எங்கள் அடுக்கின் தபால் பெட்டியில் கூட இருக்கும் இரண்டு பேரின் பெயர்தான் ஒட்டியிருந்தது, என் பெயர் இல்லை. இங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் போட மாட்டார். கார்டு, அதன் ரகசிய நம்பர், இன்சூரன்ஸ் அட்டை, வரி எண், எனக்கு எல்லாம் தபாலில்தான் வந்தன. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்கும் டிவி, ரேடியோ கட்டணக் கடிதம்கூட. அதை மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம்.

என்ன பெயர் ஒட்டுவது என்று அக்காவிடம் கேட்டேன். குடும்பப் பெயர்தான், இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார். அது உண்மை. நகராட்சி அலுவலகத்தில் என்னை அழைத்தது அப்பாவின் பெயரைச் சொல்லித்தான். வகுப்புப் பட்டியலிலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். அன்று மாலை வெள்ளைத் தாளில் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, தபால் பெட்டியில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஊரில் அப்போது இரவு பத்து மணி இருக்கும். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் அப்பாவே கூப்பிட்டார். அவர் பெயர் ஜெர்மனியில் ஒரு பெட்டியில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்பெல்லிங் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுதியிருக்கயா கண்ணு?" என்று கேட்டார்.