பச்சை பிடித்த எர்த்

ஜூன் 22, 2025, ஞாயிறு

களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் பொழுது சாயக் கிளம்பினேன். பின்னால் ரெண்டு தார் ஏத்தன் வாழை. மூன்றடைப்பு பக்கம் வரும்போது இருட்டிவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டதுதான் தாமதம், பாதியில் நின்ற டெம்பரேச்சர் முள் முக்காலுக்கு ஏறியது. லைட்டை அணைத்தால் உடனே கீழே இறங்குகிறது. பிரேக்கில் கால் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் சூடு எப்போதும் போலத்தான், தண்ணீரும் குறையவில்லை. தண்ணீர் சூடாகி முள் ஏறுவதென்றால் சில நிமிடமாவது ஆகும், இப்படி சுவிட்ச் போட்ட நொடியில் ஏறாது. ஆக, கோளாறு வயரிங்கில்.

ஹார்னும் சளி பிடித்தவன் மாதிரி கத்துகிறது. அப்புறம் இன்னொரு தொல்லை: வீட்டில் நாலைந்து நாள் சும்மா நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை.

வண்டி 2005 மாடல் டீசல், டிஎன் 72 பதிவு. பதினைந்து வருஷம் முடிந்து 2020-ல் புதுப்பித்ததற்கு இந்த ஜூலையோடு கெடு முடிகிறது. ஆர்டிஓ ஆபீஸில் காட்டுவதற்குள் லைட்டெல்லாம் ஒழுங்காக எரிந்தாக வேண்டும்.

ஜூன் 24

ஒரு கடையில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமலே, “டைனமோ போச்சு சார், பேட்டரியும் வீக்கு, ரெண்டையும் மாத்திருவோம்” என்றார்கள். சரி, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, கொஞ்ச நேரம் சும்மா விட்டபின் பேட்டரி 12.6 வோல்ட். நல்ல பேட்டரிக்கு அதுதான் கணக்கு. இன்ஜின் ஓடும்போது அதே முனைகளில் 14.1. 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் டைனமோ தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். லைட்டும் ஏசி ஃபேனும் போட்ட பிறகும் 14.1-லிருந்து அசையவில்லை. டைனமோவுக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 25

மேலப்பாளையத்தில் ஒரு வயரிங் அண்ணாச்சி இருக்கிறார். அப்பா காலத்து அம்பாசடரிலிருந்தே பழக்கம். போனில் சொன்னதும், “முள்ளு லைட்டுக்கு ஆடுதுன்னா எர்த்து தம்பி, வேற ஒண்ணும் கெடையாது. மொதல்ல அதப் பாரும்” என்றார்.

யோசித்தால் சரிதான். எர்த் என்பது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் இன்ஜினில் இருக்கிறது, அதன் எர்த் இன்ஜின். டாஷ்போர்டில் இருக்கும் மீட்டருக்கு எர்த் பாடி. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும் வரை முள் உண்மை சொல்லும். பாடியிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழி அடைபட்டால், கரண்ட் அதிகம் போகப் போக பாடியின் மட்டம் ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று உயர்ந்துவிடும். இன்ஜின் பழைய இடத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசத்தை மீட்டர் சூடு என்று எடுத்துக்கொள்கிறது.

ஜூன் 28, சனி

முழு நாளும் இதற்கே போனது.

முதலில் பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவில் தடை எத்தனை ஓம் என்று பார்த்தேன். மீட்டர் 0.3 காட்டியது. மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டால்கூட அதே 0.3 வருகிறது. அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறதா? மதியம் வந்த அண்ணாச்சி சிரித்துவிட்டு, “மீட்டருக்கு வயிறு கெடையாதுவே, அது என்னத்தக் கேக்கும்? பசியோட இருக்கவன விட்டுக் கேளும்” என்று தன் டெஸ்ட் லேம்பை எடுத்தார். 21 வாட் பிரேக் லைட் பல்ப், இரண்டு வயர், இரண்டு கிளிப், அவ்வளவுதான். பேட்டரி பிளஸில் ஒரு கிளிப்பைப் போட்டு, மற்றதை இன்ஜினில் தொட்டார். பளிச்சென்று எரிந்தது. ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு அதையே பாடியில் தொட்டார். வெளிச்சம் மஞ்சளாக இறங்கியது.

பிறகு மீட்டரை வோல்ட்டில் வைத்து, லைட்டும் ஃபேனும் ஓடும்போதே அளந்தோம். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கு 0.03. பாடிக்கு 1.7. ஹெட்லைட் பல்பில் செருகும் கப்ளரில் வெறும் 12.2. டைனமோ கொடுக்கும் 14.1-ல் பிளஸ் பக்கம் 0.2-தான் குறைகிறது, மிச்சம் எல்லாம் எர்த் பக்கம் காணாமல் போகிறது. ஓடும் கரண்ட் 25 ஆம்பியர் என்று வைத்தால், இந்த 1.7 வோல்ட்டை முழுங்கும் தடை 0.07 ஓம் கூட வராது. ஓம் மீட்டருக்கு அது கண்ணில் படாது, மீட்டரின் சொந்த வயரில் இருக்கும் தடையே அதைவிட அதிகம். கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்த்தால்தான் தெரியும்.

பேட்டரி மைனஸ் நேராக இன்ஜினுக்குப் போகிறது. அங்கிருந்து பாடிக்குப் பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை. பேட்டரி தட்டுக்கு அடியில் கையை விட்டால்தான் எட்டும். போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது, எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்ற வேண்டியதாயிற்று. வெளியே பார்த்தால் பட்டை நன்றாகவே இருந்தது. பட்டையின் நுனியில் போல்ட் மாட்டும் வளையமான லக்கைப் பிடித்து அண்ணாச்சி லேசாக முறுக்கினார். மருதாணி அரைத்த கல்லிலிருந்து உதிர்வதுபோல் பச்சைப் பொடி உள்ளங்கையில் கொட்டியது. இழைகளில் முக்கால்வாசி லக்குக்குள்ளேயே அறுந்துபோயிருந்தன.

“வெள்ளத்துல நின்ன வண்டியா?” என்று கேட்டார்.

ஆமாம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே நாட்கள். சிந்துபூந்துறையில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது வண்டி வெளியில்தான் நின்றது. சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு ஆயில் மாற்றி, கார்ப்பெட்டை வெயிலில் போட்டு, அதே மாதம் ஓட்டவும் செய்தோம். தண்ணீர் வடிந்தாலும் லக்கின் இடுக்கில் தங்கிய ஈரம் போவதில்லை. செம்பை அது உள்ளிருந்தே தின்னும். வெளியே தெரிய ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

ஜூன் 29

கடையில் அதே மாதிரி பட்டை கிடைக்கவில்லை. வெல்டிங் கேபிள் ஒரு முழம் வாங்கி, இரண்டு பக்கமும் செம்பு லக் வைத்து அமுக்கினார் அண்ணாச்சி. பாடியில் போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போக, தகடு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கிய பிறகுதான் வாஸ்லின். முதலிலேயே தடவினால் அதுவே நடுவில் உட்கார்ந்துகொள்ளும் என்கிறார்.

பாடிக்கு இப்போது 0.05. ஹெட்லைட்டில் 13.8. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் மும்மடிக்கும் (அதே எண்ணை மூன்று முறை பெருக்குவது) மேலான வேகத்தில் ஏறும், அதனால் இந்த ஒன்றரை வோல்ட்டுக்கே வெளிச்சம் ஒன்றரை மடங்கு. முள் அசையவில்லை. ஹார்னைக் கேட்டு எதிர்வீட்டுச் சித்தி வெளியே வந்துவிட்டார்கள்.

ஜூலை 2

வலது இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது. பின் பல்ப் ஃபியூஸ். மாற்றியாயிற்று.

ஜூலை 5, சனி

டவுன் பக்கம் நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாக் கூட்டம், அங்கே எந்த வேலையும் ஆகாது. வீட்டில் உட்கார்ந்து பேட்டரி இறங்கும் கதையைப் பார்த்தேன்.

சாவியை எடுத்து, கதவு லாக்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அது மூடினதாக வண்டியை நம்பவைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் சேர்த்தேன். இந்த நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். எல்லாம் தூங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். 210 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருக்க வேண்டும். 210 என்றால் நாளைக்கு 5 ஆம்பியர்-அவர், 75 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி ஒரு வாரத்தில் காலி.

ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதற்கும் சொல்லும்படி குறையவில்லை. ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத ஏதோ ஒன்று, அதாவது யாரோ பின்னாளில் நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்தது. ஃபெண்டர் ஓரம் டேப் சுற்றிய ரிலே ஒன்று, அதாவது சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச், தொங்கியது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் தகடெல்லாம் சில்லென்று இருக்க, அது மட்டும் கை வைத்தால் வெதுவெதுப்பு. கழற்றினேன். 40 மில்லி ஆம்பியர்.

ஃபாக் லைட்டுக்குப் போட்ட ரிலே! ஃபாக் லைட்டே இப்போது வண்டியில் கிடையாது. முந்தின ஓனர் விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வயரை விட்டுவிட்டார். கியர் பக்கத்து சுவிட்சைப் பிரித்தால் உள்ளே காய்ந்த ஆற்று வண்டலும் அதே பச்சையும். ஆஃபில் வைத்தாலும் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எரிய விளக்கில்லாமல் ரிலேயின் சுருள் மட்டும் இரவும் பகலும் கரண்டைக் குடித்திருக்கிறது.

வயரைப் பேட்டரி முனை வரை வேரோடு எடுத்துவிட்டேன்.

ஜூலை 12

ஒரு வாரம் தொடாமல் வைத்த வண்டி. காலையில் 12.5 வோல்ட். செல்ஃப் ஒரே திருகில் எடுத்தது. புதன்கிழமை ஆர்டிஓ. பின்பக்க இடது பவர் விண்டோ இன்னும் ஏறத் திணறுகிறது. கதவு கீலில் ரப்பருக்குள் மடங்கி மடங்கி வயர் அறுந்திருக்கும் என்பது அண்ணாச்சியின் கணிப்பு. அதை ஆபீஸில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆடிக் காற்று ஓயட்டும், பார்க்கலாம்.