அஃபிலியேட் திட்டம்: சதவீதத்துக்கு முன் பட்டுவாடாவைக் கேளுங்கள்

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறவர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புவதில்லை. கமிஷன் எவ்வளவு, இறக்குக்கூலி யார் தலையில், கழிவு போக எத்தனை பெட்டி நிற்கும், பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அஃபிலியேட்டில், அதாவது அடுத்தவர் பொருளுக்கு லிங்க் கொடுத்து, அதன் வழியாக விற்றால் கமிஷன் வாங்கும் வேலையில் இறங்குகிற நம் பிள்ளைகள் பலர் "40% கமிஷன்" என்ற ஒரே வரியை நம்பி மாதக்கணக்கில் உழைப்பைக் கொட்டிவிடுகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

ஒரு கிளிக்குக்கு எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களுக்காக மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக விலை 3,000 ரூபாய், கமிஷன் 5%. (வரியும் டெலிவரிக் கட்டணமும் பெரும்பாலும் கமிஷன் கணக்கில் சேராது.) 200 பேர் லிங்கைத் தட்டி, 3 பேர் வாங்கி, ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டால் மிச்சம் 300 ரூபாய். கிளிக்குக்கு 1.50. இன்னொரு சாஃப்ட்வேர் திட்டம் விற்பனைக்கு 1,200 ரூபாய் தருகிறது, ஆனால் 1,000 கிளிக்குக்கு ஒருவர்தான் வாங்குகிறார். கிளிக்குக்கு 1.20. அதிலும் 5,000 ரூபாய் சேர்ந்தால்தான் பட்டுவாடா என்றால், 5 விற்பனை, அதாவது 5,000 கிளிக் ஆகும்வரை கையில் ஒன்றும் வராது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் திட்டமே மேல்.

அடுத்தது குக்கீ காலம், அதாவது லிங்கைத் தட்டியவர் எவ்வளவு நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் உங்களுக்கு என்ற கெடு. அமேசான் இந்தியாவில் லிங்கைத் தட்டியதிலிருந்து 24 மணி நேரம்தான். அதற்குள் பொருளை கார்ட்டில் போட்டுவிட்டால் மட்டும் 89 நாள் வரை வாய்ப்பு உண்டு. மா பூக்கும் தை மாதத்தில் ஒரு விவசாயி உங்கள் கட்டுரையைப் படிக்கிறார், வீட்டில் கேட்டு ஒரு வாரம் கழித்து வாங்குகிறார். விற்பனை நடக்கும், உங்களுக்கு ஒரு பைசா வராது. அதனால் "தத்துப்பூச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது" மாதிரியான கட்டுரையில் லிங்கைத் திணிப்பதைவிட, "ஸ்பிரேயர் 16 லிட்டரா 20 லிட்டரா, எது வாங்கலாம்" என்று கையில் பணத்தோடு தேடுகிறவருக்கான கட்டுரையில் வையுங்கள்.

அவசரப்பட்டுச் சேருவதும் பெரிய தவறு. அமேசானில் சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். சொந்த லிங்கில் நீங்களே வாங்கினால் அது கணக்கில் வராது. பத்துப் பதினைந்து கட்டுரை எழுதி, ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். அந்த லிங்கை பிடிஎஃப்பிலோ அச்சு நோட்டீஸிலோ போடுவதும் விதிப்படி கூடாது. விலையைக் கையால் தட்டச்சு செய்து வைக்கவும் கூடாது. இரண்டே நாளில் விலை மாறிவிடும், படித்தவர் ஏமாந்து போவார்.

லிங்கைப் போட்டதும் வேறொரு போனில் தட்டிப் பாருங்கள். முகவரிப் பட்டையின் வால் பகுதியில் "டேக்" (tag) என்பதற்குப் பின்னால் உங்கள் ஐடி இருக்க வேண்டும். இந்தியக் கணக்கென்றால் அது -21 என்று முடியும். நீளமாக இருக்கிறதே என்று வாலை வெட்டிவிட்டு ஒட்டினால் கமிஷனும் வாலோடு போய்விடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி டிராக்கிங் ஐடி (எந்த லிங்க் வழியாக விற்றது என்று காட்டும் அடையாளம்) வைத்தால் எது விற்கிறது என்று தெரியும்.

சேருவதற்கே பணம் கட்டச் சொல்லி, "உனக்குக் கீழே மூன்று பேரைச் சேர்" என்றால் அது அஃபிலியேட்டே இல்லை. அப்படி ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தருமபுரியில் அக்கம்பக்கத்தாரையும் மாமன் மச்சானையும் உள்ளே இழுத்துவிட்டால், பணத்தோடு உறவும் போகும்.

கமிஷன் வருகிறது என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தந்த வழிகாட்டுதல்படி, பதிவு எந்த மொழியிலோ அறிவிப்பும் அந்த மொழியில்தான் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும்" என்று ஒரு வரி போதும்.

பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் கமிஷனில் 20% வரை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். கமிஷன் விகிதமும் சொல்லாமல் கொள்ளாமல் மாறும். சேரும் அன்றைக்கே விதிமுறைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை பழைய லிங்குகளைத் தட்டிப் பார்த்து, ஸ்டாக் இல்லாத பொருளை எடுத்துவிடுங்கள்.