2,958 பேரும் இரண்டு பேரும்

"சார், 2,958 பேர் ஆதரிப்பாங்கன்னு நேத்தே தெரியும். இன்னைக்குப் புதுசா நடந்தது அந்த ரெண்டு ஓட்டு மட்டும்தான்."

2018 மார்ச் 11 அன்று எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் சொன்னது இது. சீன அதிபர் பதவியில் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது என்ற வரம்பை அந்நாட்டு நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் நீக்கிய நாள். ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3, செல்லாதது 1. 'இருவர் எதிர்ப்பு' என்று தலைப்பிலேயே போட்டிருந்தாள். நான் அதை எடுத்துவிட்டு, ஷி ஜின்பிங் இனி எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்ற பொருளில் மாற்றினேன். வாக்கு விவரம் முழுவதும் செய்திக்குள் இருந்தது. எதையும் ஒளிக்கவில்லை.

இன்றைக்கும் என் தலைப்பு தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக மார்ச்சில் கூடி, ஓரிரு வாரங்களில் கலைந்துவிடும் சபை அது. ஏறத்தாழ மூவாயிரம் பேர். அவர்கள் முன்னால் வந்த எந்த மசோதாவும் தோற்றதில்லை. அங்கே 'எதிர்ப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டால், நம் வாசகர் மக்களவையில் நடக்கும் அமளியைத்தான் நினைப்பார். முடிவு வெளியே கட்சியில் எடுக்கப்பட்டுவிட்டது. உள்ளே நடந்தது ஒப்புதல். இதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

"அப்ப 1992?" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த ஆண்டு அதே சபையில், யாங்சே ஆற்றின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்கான தீர்மானத்தில் ஆதரவு 1,767தான். 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் நடுநிலை, 25 பேர் வாக்களிக்கவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் தலையாட்டவில்லை. அணை கட்டினார்கள் என்பது வேறு விஷயம். 1999-இல், முழுச் சபை கூடாத நாட்களில் அதன் வேலையைப் பார்க்கும் நிலைக்குழுவில் நெடுஞ்சாலைச் சட்டத் திருத்தம் ஒரே ஒரு ஓட்டில் விழுந்தது. அதே ஆண்டு பிற்பாடு நிறைவேறியது. அவள் இதையெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியாக எழுதி வைத்திருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். அன்று மாலை குரங்கணி காட்டுத் தீ செய்தி வந்தது. பக்கங்கள் கலைந்தன, பெட்டி போயிற்று. அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் குரங்கணி இல்லாவிட்டால் அதைப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இரண்டு பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. சீட்டில் பெயர் இல்லை. ஷி ஜின்பிங்கே மேடையில் முதலில் போய்ப் பெட்டியில் போட்டார். அதைப் பார்த்த பிறகும் ஒருவர் எதிர்த்துப் போட்டிருக்கிறார் என்றால் அது துணிச்சலா, கைத்தவறா, அழகுக்காக விட்டுவைத்த இரண்டா? தெரியாததைத் தலைப்பாக்கக் கூடாது என்பது என் கட்சி. தெரியாது என்பதாலேயே அது செய்தி என்பது அவள் கட்சி.

இதில் என்ன கூத்தென்றால், 2020 மே மாதம் ஹாங்காங் தேசியப் பாதுகாப்புத் தீர்மானம் ஆதரவு 2,878, எதிர்ப்பு 1, நடுநிலை 6 என்று வந்தபோது, அந்த ஒன்றை நானே தலைப்பில் வைத்தேன். அப்போது அவள் வேறு வேலைக்குப் போயிருந்தாள். ஹாங்காங் சூடான விஷயம், அதனால் வைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

2023 மார்ச்சில் ஷி மூன்றாம் முறை அதிபரானார். 2,952 ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். 'ஒருவர்கூட எதிர்க்கவில்லை' என்று தலைப்பு கொடுத்தேன். மறுநாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்: "பூஜ்யம் செய்தி, ரெண்டு செய்தி இல்லையா சார்?"

அது சட்டத் திருத்தம்மா, இது தேர்தல், இரண்டும் ஒன்றில்லை என்று பதில் போட்டேன். அது சரியான பதில்தான். தலைப்பு கொடுத்த நேரத்தில் அப்படி யோசித்தேனா என்றால், இல்லை.