பதினைந்தா, பதினேழா? சேலையூர் பாம்புச் சட்டைகள்

நான் பார்த்த பன்னிரண்டாவது பாம்புச் சட்டையில் செதில் வரிசைக் கணக்கு நேராக வந்துவிட்டது. கழுத்தில் 17, நடு உடலில் 17, கழிவாய்க்குச் சற்று முன்னால் 15. வாலின் அடிச்செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கின்றன. முதுகின் நடுவரிசை பக்கத்து வரிசைகளைவிடப் பெரிதாக இல்லை. பார்வைக்குக் கட்டுவிரியனைப் போலவே இருக்கும் வெள்ளிக்கோல் வரையன், சந்தேகமே வேண்டாம். நேற்று மாலை ஒரு வீட்டு மோட்டார் அறை வாசலில் முழங்காலிட்டு மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அதே விடை. ஆகஸ்ட் மாதத்திலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பாம்பை நேரில் படமெடுக்காமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏன் அலைகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் சேலையூர் போன்ற சென்னைப் புறநகரில் உயிருள்ள பாம்பு கண்ணில் படுவது சில நொடிகள்தான். அதற்குள் நாலு பேர் கம்போடு வந்துவிடுவார்கள். அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தராது. நானும் பிடிக்க விரும்பவில்லை. சட்டை அப்படியில்லை. அது ஓடாது, அதை யாரும் அடிப்பதுமில்லை. கிடந்த இடத்திலேயே படமெடுத்துவிட்டு அங்கேயே விட்டுவருகிறேன். ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இதே வீட்டில், துவைக்கும் கல்லின் அடியில், ஒரு முழ நீளத்துக்குச் சட்டைத் துண்டு ஒன்று கிடைத்தது. தலையும் இல்லை, வால் நுனியும் இல்லை. வெயிலில் சுருண்டு, நடு முதுகு மடிந்து ஒட்டியிருந்தது. செதில் வரிசையை எண்ணினேன்: 15. கட்டுவிரியனுக்கு 15, வெள்ளிக்கோல் வரையனுக்கு 17 என்பதுதான் மனப்பாடம். கட்டுவிரியன் என்று சொல்லிவிட்டேன். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த குடும்பம் அன்றிரவே கட்டிலுக்கும் கொசுவலைக்கும் மாறியது. அது நல்லதுதான், கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தூக்கத்தில் நேர்வது, வலிகூடத் தெரியாமல் போய்விடும்.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் அழைத்தார். குளியலறை வெண்டிலேட்டர் ஓரமாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த பாம்பை அடித்து ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார். வெள்ளைப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் போகப்போக மங்கியிருந்தன. கட்டுவிரியனில் இது தலைகீழ்: முன்பக்கம் பட்டை இல்லாமலோ மங்கலாகவோ இருக்கும், பின்னால் போகத் தெளிவாகும். வாளியில் கிடந்ததன் வாயோரத்தில் பாதி விழுங்கிய பல்லியின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. நஞ்சில்லாத பாம்பு. சுவரேறிப் பல்லி தின்பதுதான் அதன் பிழைப்பு. “நீங்கள் கட்டுவிரியன் என்று சொன்னீர்களே தம்பி, பிள்ளைகள் இருக்கிற வீடு” என்றார். அவர் என்மேல் கோபப்படவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

அன்றிரவு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபிறகு பிழை பிடிபட்டது. வெள்ளிக்கோல் வரையனின் 17 வரிசை உடல் முழுக்க ஓடுவதில்லை. கழிவாயை நெருங்கும்போது 15 ஆகக் குறைந்துவிடும். கட்டுவிரியனுக்குக் கழுத்து முதல் கடைசி வரை 15தான். நான் எண்ணியது பின்பாதித் துண்டு. அந்த இடத்தில் இரண்டு பாம்புக்கும் ஒரே விடைதான் வரும். முதுகின் நடுவரிசையைப் பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம். கட்டுவிரியனில் அந்த வரிசை மட்டும் பெரிய அறுகோணச் செதில்களாகத் தெளிவாக நிற்கும். ஆனால் அந்த மடிப்பைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை அன்று எனக்கு இல்லாமல் போயிற்று.

அதன்பிறகு என் முழுக் கவனமும் அந்த மடிப்பைப் பிரிப்பதில்தான். காய்ந்த சட்டையை இழுத்தால் கிழியும். செடிக்குத் தெளிக்கும் சிறிய தெளிப்பானில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோகிறேன். பனி போலத் தெளித்துச் சில நிமிடம் விட்டால் வெங்காயச் சருகு போல மொடமொடத்தது ஈரப்பட்டுத் துணி போலத் தளர்கிறது. பிறகு மயிலிறகின் காம்பால் மடிப்புக்குள் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஊசி வைத்து இரண்டு சட்டைகளைப் பாழாக்கியபிறகு கண்டுபிடித்த கருவி இது. காம்பு வழுக்கும், குத்தாது. கீழே கறுப்புத் துணி. டார்ச் வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் செதிலின் ஓரம் தெரியாது; தரையோடு தரையாகப் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும்.

இன்னொன்று: சட்டை பெரும்பாலும் உள்பக்கம் வெளியே வந்துதான் கிடக்கும். நீர்க்கோலி போன்ற பாம்பின் செதில் மேடுகள் படத்தில் பள்ளமாகத் தெரிந்து ஏமாற்றும். நீளத்தையும் நம்பக்கூடாது. உரியும்போது இழுபட்டு, சட்டை பாம்பைவிட நீளமாகிவிடுகிறது.

எண்ணுவதற்கு ரிச்சி தெருவில் வாங்கிய, கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதுமானதாக இருக்கிறது. முதலில் வாங்கியது ஓரமெல்லாம் மங்கலாக்கியது. அதைவிடச் சற்று விலை கூடிய இரண்டாவதுதான் உருப்படி. வயிற்றுச் செதிலுக்குப் பக்கத்துச் செதிலில் தொடங்கிச் சாய்வாக முதுகுக்கு ஏறி, மறுபக்கம் சாய்வாக இறங்குகிறேன். படத்திலேயே ஒவ்வொரு ஐந்தாவது செதிலுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. முதுகின் நடுவரிசை ஒன்றே ஒன்று என்பதால் விடை ஒற்றைப்படையாக வர வேண்டும். இரட்டைப்படை வந்தால் எங்கோ தவறியிருக்கிறேன் என்று அர்த்தம். சாரை இதற்கு அடங்காது. அதன் நடு உடலில் 16ம் வரலாம், 17ம் வரலாம், பின்னால் 14 ஆகிவிடும். செம்பாக்கம் ஏரிக்கரையில் கிடைத்த சாரைச் சட்டையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது இதனால்தான்.

இதுவரை பன்னிரண்டு சட்டைகள். எட்டுக்குத்தான் உறுதியாகப் பெயர் வைத்திருக்கிறேன். மூன்று துண்டுகளை ‘உறுதியில்லை’ என்று மாற்றிவிட்டேன். நடு உடல் இல்லாத துண்டுக்கு இனி வரிசைக் கணக்கை மட்டும் வைத்துப் பெயர் சொல்வதில்லை. ஆகஸ்ட் துண்டும் அந்த மூன்றில் ஒன்று. வாளியில் கிடந்த பாம்பின் சட்டைதான் அது என்று என் மனம் சொல்கிறது, படம் சொல்லவில்லை. மீதி ஒன்று புழுப்பாம்பின் சட்டையாக இருக்கலாம். இன்னும் பார்த்து முடிக்கவில்லை. உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது இருப்பிடத்தை மறைத்தே ஏற்றுகிறேன். வரைபடத்தில் புள்ளி 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ விழும், தெரு தெரியாது. ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்து அங்கே இன்னொரு வாளியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கட்டுவிரியன் சட்டை இன்னும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த அறுகோண வரிசையைக் கிண்டி பாம்புப் பண்ணையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. அந்தப் பண்ணையே கிண்டிக்குப் போகுமுன் எங்கள் சேலையூரில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமை பொங்கும். அடுத்து இராஜகீழ்ப்பாக்கம் பக்கம் பாதியில் நின்றுபோன கட்டடங்களின் செங்கல் அடுக்குகளைப் பார்க்கப்போகிறேன். கையை உள்ளே விடுவதில்லை. முதலில் டார்ச், பிறகு நீளக் கம்பு.

நேற்றைய சட்டைக்கு வருகிறேன். இந்த முறை வீட்டுக்காரர் எதையும் தொடாமல் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். “மோட்டார் அறையில் முழுசாகக் கிடக்கிறது தம்பி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.” எண்ணி முடித்துப் பெயரைச் சொன்னதும், “அப்படியென்றால் இன்னும் இங்கேயேதான் இருக்குமா?” என்று கேட்டார்.

“பல்லி இருக்கிறவரைக்கும் இருக்கும் சார். கடித்தாலும் நஞ்சில்லை.”

கொஞ்ச நேரம் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறை வெண்டிலேட்டருக்கு மட்டும் வலை அடித்துக்கொள்ளலாமா என்றார். தாராளமாக அடியுங்கள் என்றேன். தலைப்பகுதியில் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் செதிலின் படம் அசைந்துவிட்டது. கட்டுவிரியனுக்கு அந்தச் செதிலே கிடையாது என்பதால் அது எனக்குக் கட்டாயம் வேண்டும். காற்றில் பறந்துவிடாதபடி சட்டையின் மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாளை காலை ஆறு மணிக்குப் போகிறேன்.